அசையாத கழுத்து நரம்பு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். என் நலத்தைப் பற்றி மட்டும் இந்த முறை கொஞ்சம் பெருமையாகவே எழுதப்போகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மச்சான், சரிங்க மச்சான்" என்று வாய் சொல்லும், கை வேறு வேலை பார்க்கும். உங்களை எனக்குத் தெரியாதா?

முதலில் நல்ல செய்தி. நேற்று மறுபடி எக்கோ எடுத்தார்கள். ரத்த அழுத்தத்தால் தடித்துப்போயிருந்த என் இதயச் சுவர் இளைத்திருக்கிறது! டாக்டரம்மா படத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நீங்க சொன்ன பேச்சு கேக்கிற ஆளுன்னு நான் நம்பவே இல்ல" என்றார். என் வீட்டுக்காரி பக்கத்திலிருந்து, "நானும்தான் டாக்டர்" என்றாள்.

இனி உங்கள் சங்கதி. முந்தாநாள் லாரியில் வந்த உங்கள் கடிதத்தைப் படித்தேன். நம் இருவருக்கும் எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள், உடம்பு பழையபடி சுறுசுறுப்பாக இருக்கிறது என்கிறீர்கள். ஏலத்தில் நெஞ்சு படபடக்காவிட்டால் எந்த விலையில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும் என்று என்னையே கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. பழைய இயந்திரம் வாங்கி விற்கிற நம் இருவருக்கும் அதுதானே வேதம்? நெஞ்சு அடித்தால் கையை இறக்கு. நானும் இதே கேள்வியை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

ஆசையோ பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் என்று ஒன்று ரத்தத்தில் இறங்குகிறது. இதயத்தின் செல்களில் அதற்கென்று இருக்கைகள் உண்டு. ஏற்பிகள் என்று பெயர். அது வந்து உட்கார்ந்தால் இதயம் வேகமாகவும் ஓங்கியும் அடிக்கும். அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி ஏற்கெனவே தடித்துப்போன இதயத்தை இது வேறு விரட்டுகிறது. பயில்வானுக்குத் தோள் தடித்தால் அழகு. இதயத்துக்குச் சுவர் தடித்தால், கிடங்கின் சுவரை உள்பக்கமாக இழுத்துக் கட்டிய கதைதான். சரக்கு வைக்க இடம் ஏது? நம் மாத்திரை முன்னாலேயே போய் அந்த இருக்கைகளில் துண்டு போட்டு வைக்கிறது. அட்ரினலின் வந்து பார்த்துவிட்டு, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போகிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு, கவனமாகப் படியுங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் இதயம் சும்மா இருப்பதில்லையாம். கூடுதலாகவும் இருக்கைகளைப் போட்டு வைக்குமாம். திடீரென்று நிறுத்தினால் துண்டும் இல்லை, இருக்கையும் அதிகம். கூட்டம் மொத்தமாக உள்ளே பாயும். நீங்கள் சுறுசுறுப்பு என்று எழுதியிருப்பது அந்தக் கூட்டத்தைத்தான்.

போன வாரம் மூடிய காகித ஆலையில் ஏலம். ஆறு பெரிய மோட்டார்கள். அன்று காலை எனக்கும் சபலம் வந்தது, இன்று ஒருநாள் விட்டால் என்ன என்று மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டேன். வீட்டுக்காரி தண்ணீரோடு வாசலை மறித்துக்கொண்டு, "முழுங்கிட்டுச் செருப்பு மாட்டுங்க" என்றாள். விழுங்கினேன்.

ஏலத்தில் நின்றால் நெஞ்சு கல்லு மாதிரிக் கிடக்கிறது. சந்தையின் நடுவில் காது அடைத்துப்போனதுபோல ஒரு பயம். சரி என்று, முதல் நாளே மோட்டாரின் சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்து, பேரிங் சத்தம் கேட்டு, மனதில் போட்டு வைத்த விலையையே பிடித்துக்கொண்டு கேட்டேன். எதிரில், எந்த ஏலத்திலும் நம்மோடு போட்டி போடும் நம் நெட்டையன். நான் கேட்கக் கேட்க அவன் என்னையே வெறித்துப் பார்க்கிறான். என் எல்லைக்கு வெகு கீழேயே கையை இறக்கிவிட்டான்!

பிறகு டீ குடிக்கும்போது தானாகவே வந்து, "அண்ணே, இத்தன வருஷமா உங்க கழுத்து நரம்பப் பாத்துத்தானே நாங்க விலை கேட்டோம்? அது துடிச்சா நீங்க எல்லைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். இன்னைக்கு அசையவே இல்லையே! எங்கே போய் நிப்பீங்களோன்னு பயந்துட்டேன்" என்றான்.

கேட்டீர்களா மாப்பிள்ளை? நாம் எச்சரிக்கை மணி என்று நம்பிக்கொண்டிருந்தது ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. உங்களுக்கும் அதே நரம்புதான். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தபோதே நான் பார்த்தேன்.

அந்த ஆறு மோட்டாரில் மூன்றை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அதே லாரியில்தான் வருகிறது. ஆனால் நீங்கள் டாக்டரைப் பார்த்து, மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, அவர் சொன்னபடி மறுபடி ஆரம்பிக்கும்வரை ஒரு போல்ட்டைக்கூட இறக்கக்கூடாது என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். லாரியின் காத்திருப்புக் கூலி உங்கள் பொறுப்பு. டிரைவரைச் சாப்பாடு போட்டு மயக்கப் பார்க்காதீர்கள். அவன் என் பக்கம்.

தங்கை உப்பைக் குறைத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். அவள் எதற்கும் அழாதவள், அப்படியே இருக்கட்டும்.

அடுத்த மாதம் இங்கே இன்னொரு ஆலை ஏலத்துக்கு வருகிறது. வாருங்கள். எனக்கு எதிராகவே கேளுங்கள், விலையை ஏற்றுங்கள், ஜெயித்துக்கொண்டும் போங்கள். உங்களிடம் தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. எதிரில் நீங்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நீடூழி வாழ்க.

உங்கள் நலமே நாடும்,
மச்சான்