மஞ்சளுக்கு என்ன பயம்

மதினி,

இன்று காலை அண்ணன் வீட்டுக்குச் சோறும் குழம்பும் கொண்டுபோனேன். உப்பு தேடி அலமாரியைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. சமையல் மஞ்சள் வாசமில்லை. மாத்திரை டப்பாவுக்குள் அடைபட்டுப் புழுங்கிய வாசம். உங்களுடைய டப்பாவை, காரியம் முடிந்த கையோடு நானே குப்பையில் வீசினேன். இது புதுசு. பாதி காலியாகியிருந்தது.

நமக்கு மருந்து என்றால் பட்டாசுக்குள் போவதுதான். எம். புதுப்பட்டி கம்பெனியில் இருவரும் ஒரே அறையில் மருந்து செலுத்தினோம். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் வைத்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடாமல் நீங்கள் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. நான் அவசரப்பட்டால் கையைப் பிடித்து இழுத்து, "மருந்துன்னா பயம் வேணும் தாயி" என்பீர்கள். அப்பேர்ப்பட்ட நீங்கள், சுகருக்கு எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், பக்கத்து அறைக்காரி விற்ற, மஞ்சளில் செய்த மாத்திரையை வாங்கி விழுங்க ஆரம்பித்தீர்கள். நாளுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. நீங்கள் வேளைக்கு இரண்டு போட்டீர்கள்.

"இம்புட்டு எதுக்கு மதினி?"

"அட, இது மருந்தா என்ன? மஞ்சள்தானே. மஞ்சளுக்கு என்ன பயம்?"

எடை குறைந்தது. ரவிக்கை தொளதொளத்தது. "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீகளே" என்று கம்பெனியே கேலி செய்தது. நீங்கள் வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். சாப்பாடு இறங்காமல்தான் மெலிகிறீர்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கண் மஞ்சளித்தது. அந்த வாரம் கந்தகம் சலிக்கும் வேலை உங்களுக்கு. "கந்தகத் தூசி, கழுவினாப் போயிரும்" என்று குழாயடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். போகவில்லை.

சிவகாசி டாக்டர் ஒழுங்காகத்தான் கேட்டாராம்: "சுகர் மாத்திரை தவிர வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" "ஒரு மருந்தும் இல்லைங்க" என்றிருக்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. மஞ்சளை மருந்து என்று சொல்ல உங்களுக்குத் தோன்றவே இல்லை. மதுரையில்தான் ஒரு டாக்டரம்மா வேறு மாதிரி கேட்டார்: பொடி, கஷாயம், மஞ்சள் ஏதாவது? டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு ஈரலைத் தாக்கிவிடும் என்றார். அதற்குள் உங்களுக்கு என்னையே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. அந்த மஞ்சள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, உங்கள் மேலும்தான்.

அண்ணன் அதை நம்பவே இல்லை. "கம்பெனித் தூசிதான் அவளைக் கொன்னுச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறார். இப்போது அவருக்கும் சுகர். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டப்பாவை நீட்டி, "என்னண்ணே இது? என்ன மருந்து சாப்பிடுறீக?" என்றேன்.

"மருந்தா? நான் எங்க மருந்து சாப்பிட்டேன்?" என்று சிரித்தார். சட்டை தோளில் தொங்கியது. நேற்று கொடுத்துவிட்ட சோறு அப்படியே இருந்தது.

டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "மதுரைக்குக் கிளம்புங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன், நீங்கள் என்னை இழுத்த மாதிரியே. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம் ஒன்றுதான். வாசல் வெளிச்சத்துக்கு வந்ததும் அவர் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மதினி. கந்தகத்தைத் தொட்டதே இல்லை.