பின்சீட்டில் பண்டல்

புரட்டாசி 4, சனி

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் போனோம். "போனோம்" என்பதே பொய். மு. (புருஷன் பேரை முழுசாக எழுத இன்னும் கூச்சம்) பைக்கில். நான் ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ்.

"பொம்பளைகளுக்குப் பஸ் சும்மாதான. நீ அதுல வா, நான் வண்டில வாரேன்."

பின்சீட்டில் பேண்டேஜ் துணிப் பண்டல். அவர் கம்பெனியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைக்கு. கயிறு போட்டு எவ்வளவு பத்திரமாகக் கட்டியிருக்கிறார். கல்யாணமாகி நாலு மாதம், என்னை இப்படி ஒரு தடவைகூட ஏற்றியதில்லை.

7, செவ்வாய்

உளுந்து ஊறப்போட மறந்தேன். பக்கத்து வீட்டு செல்வி அக்கா: "ஏட்டி, ஜோடியா கோயிலுக்குப் போனீகளாமே." ஆமாக்கா என்றேன்.

இன்று மு. என்னிடம் பேசியவை: சாவி எங்க. உப்பு. ஃபேனைக் குறை. வாரேன்.

"வாரேன்" தினமும் உண்டு. அதையும் செருப்பைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

நல்ல மனுஷன்தான். குழம்பு பிடித்தால் இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்வார். அவ்வளவுதான் காதல்.

11, சனி

மறுபடி பஸ். மறுபடி பண்டல். மலையடிவாரத்தில் துளசி மாலையோடு நின்றார். "என்ன இம்புட்டு நேரம்?"

பெருமாளிடம் பண்டலைப் பற்றி முறையிட்டேன்.

18, சனி, காலை

தூறல். மு. குளிக்கப் போனதும் பைக் பின்டயரின் காற்றை இறக்கிவிட்டேன். ஹேர்பின் போதும். கை நடுங்கவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பஞ்சர் கடை இன்று பூட்டு. நேற்றே விசாரித்து வைத்திருந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

பண்டல் வீட்டில். நாங்கள் பஸ்ஸில்.

போகும்போது கூட்டம், ஆளுக்கொரு கம்பி. வரும்போது எனக்குப் பெண்கள் பக்கம் இடம். அவருக்கு எதிர்ப்பக்கம், ஒரு பெரியவர் பக்கத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டவில்லை, தூங்கிவிட்டார். தலை பெரியவர் தோளில்.

நாலு மாதமாக நான் ஏங்கியது, முன்பின் தெரியாத ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அழுகை வந்தது. அதைவிடக் கோபம்.

எழுந்து போனேன். "ஐயா, செத்த மாறிக்கோங்க. அவிய எங்க வீட்டுக்காரு."

"அப்ப எதுக்கும்மா இம்புட்டு நேரம் என் தோள்ல விட்டு வச்சிருந்த?" என்று எழுந்தார். தலை கீழே சரியுமுன் நான் வாங்கிக்கொண்டேன்.

"எம்மா, அது ஆம்பளைக சீட்டு," என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ணே."

தேங்காயெண்ணெய் வாசம். தலை இவ்வளவு கனமா. தோள் மரத்துப்போனது, அசையவில்லை.

பஞ்சு மார்க்கெட். எங்கள் ஸ்டாப். கண்டக்டர் இரண்டு தடவை கத்தினார். நான் எழுப்பவில்லை.

மு. ஒரு கண்ணைத் திறந்து ஸ்டாப்பைப் பார்த்தார். திரும்ப மூடிக்கொண்டார்.