'சார்' என்ற சொல்லுக்கு வந்த சண்டை

வரவேற்பு மேசையின் இழுப்பறையை இன்று காலை திறந்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாசம் அடித்தது. டப்பாவை எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. இழுப்பறைப் பலகை மட்டும் அந்த வாசத்தை விடமாட்டேன் என்கிறது. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போனபிறகு இந்த ஆஸ்பத்திரியில் உன் பேரை யாரும் எடுப்பதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நம் மேசையின் வழக்கம் உனக்குத் தெரியாததா? காரில் வந்து இறங்கினால், 'சார், இரிக்கணும்' என்று மலையாளத்தில் உட்காரச் சொல்லி உபசாரம். கிழக்கேகோட்டையில் பஸ் மாறி வேர்த்து விறுவிறுத்து வந்தால் ஒற்றை 'எந்தா?', என்னவென்று ஒரு அதட்டல். யாரும் சொல்லித் தருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் கண் தானாகவே செருப்பைப் பார்க்கும், நாக்கு அதன்படி திரும்பும். உன் நாக்கு மட்டும் திரும்பவே இல்லை.

மலைமேல் போனக்காடு என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தாரே, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து முழங்கால் தேய்ந்தவர். "வாங்க சார், உக்காருங்க" என்றாய். தனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். "உங்களத்தான் சார்" என்றாய். சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். தோட்டத்து ஆட்களையும் சார் என்றால் மற்றவர்களுக்கு என்ன மரியாதை மிச்சம் இருக்கும் என்று கேட்டார். "எனக்கு இருக்கறது ஒரு வாய்தானே சார், ஆளுக்கொண்ணா வச்சிருக்கேன்?" என்றாய். மறுநாளே பின்கட்டில் ஜன்னல்கூட இல்லாத போன் அறைக்கு உன்னைத் தள்ளினார்கள். மத்தியானம் சாப்பிட வரும்போது, போனில் யார் செருப்பும் தெரியாது, எனக்கு சௌகரியமாகப் போயிற்று என்று சிரிப்பாய். எத்தனை தெம்புடி உனக்கு! நான்தான் உனக்கும் சேர்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

இன்று பொன்முடியிலிருந்து செல்லத்தாயி என்று ஒரு அம்மா வந்தார். வெறுங்கால், கையில் துணிப்பை. "வாங்க மேடம்" என்று சோபாவைக் காட்டினேன். அதே மேனேஜர் வந்து அவரை எழுந்து சுவரோரம் நிற்கச் சொன்னார். என் பக்கம் குனிந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், மேடமும் கீடமும் வேண்டாம், மீறினால் நாளையிலிருந்து எனக்கும் போன் அறைதான் என்றார். இந்த நாற்காலிக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா, எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுச் சுவரோரம் போனார். அதைப் பார்த்தபின் எனக்கு நாற்காலியாவது ஒன்றாவது.

டாக்டர் மணி அடித்ததும் மைக்கை எடுத்தேன். "செல்லத்தாயி மேடம், டாக்டர் ரூமுக்கு வாங்க." ஹால் முழுக்கக் கேட்டது. அந்த அம்மா துணிப்பையை இடுக்கிக்கொண்டு சோபாக்களுக்கு நடுவே நடந்து போனார்.

மேனேஜர் முகம் சிவக்க வந்தார். நாளைக் காலையில் நேராகப் போன் அறைக்குப் போய்விடு என்றார். போகிறேன். நீ பேசிய பேச்சு என்னிடம் இருக்கிறது, அதை இவர்கள் எந்த அறையில் போட்டுப் பூட்டுவார்கள்?

"சரி சார்" என்றேன். செல்லத்தாயியைக் கூப்பிட்ட அதே குரலில்தான் சொன்னேன். மேனேஜருக்கென்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.