பல் டாக்டர் நாற்காலியில் ஒரு தூக்கம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலைக்குப் போன ஊரில் நீயும் அண்ணியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே நானும் உன் மகளும் நலம். எழுதிவிட்டேன், அதில் பாதி பொய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒருநாள், பள்ளி விட்டதும் குட்டி வழக்கம்போல் நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கு வந்தாள். நான் கருவிகளைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் நோயாளி நாற்காலியில் ஏறி மல்லாந்து தூங்கிவிட்டாள். டாக்டரம்மா பார்த்தால் மானம் போகுமே என்று உலுக்கப் போனேன். அவர் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுப்பாதீங்க, கொஞ்சம் பாருங்க” என்றார்.

குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு எம்புகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பன்னிரண்டு விநாடி. பிறகு தூக்கிவாரிப் போட்டதுபோல் வாயைப் பிளந்து மூச்சை இழுத்தாள்.

அவள் எழுந்ததும் வாயைப் பார்த்தார். மேல் அண்ணம் குறுகலாக இருக்கிறதாம். தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. டான்சில் இரண்டும் வீங்கி மூச்சு போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்பது வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் வாய்க்கு விளக்குப் பிடிப்பவள் நான். வீட்டுப் பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை. அப்பனை உரித்துவைத்த குறட்டை என்று உன்னிடம் பெருமை வேறு அடித்தேன். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொன்னபோது அவளைத்தான் திட்டினேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்துச் சோதித்தார். டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையையும் எடுக்க வேண்டுமாம். அப்புறம் அண்ணத்தை விரிக்க டாக்டரம்மா ஒரு பிளேட் மாட்டுவாராம். “பல் டாக்டருக்கு மூச்சைப் பத்தி என்ன தெரியும், வளர்ந்தா சரியாயிடும்” என்று போனில் கத்தினாய். அது கோபம் இல்லை, பயம். உன்னை எனக்குத் தெரியாதா? ஏழு வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து என்றால் எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு விநாடியை நீ பார்க்கவில்லை.

நேற்று தலை பின்னும்போது, ஆபரேஷன் முடிந்தால் காலையில் களைப்பே இருக்காது என்றேன். “தூங்கி எழுந்தா எல்லாருக்கும் களைப்பு போயிடுமா அத்தை?” என்று கேட்டாள். அவளுக்கு அது தெரியவே தெரியாது அண்ணா.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் சரி என்று சொல். குழந்தை ஒரு நாளாவது ஆசைதீரத் தூங்கி எழட்டும்.

உன் சம்மதத்தை எதிர்பார்க்கும்
தங்கை