அப்பா சொன்ன பிரமாதம்

அன்பு மகள் குட்டிமாவுக்கு, அம்மா எழுதுவது. என் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கவேண்டும். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்காதே, கண்ணில் வெளிச்சம் போனதிலிருந்து உன் அப்பாவுக்குப் பாம்புச்செவி, அடுப்படியில் நான் முணுமுணுத்தால் கூடத்திலிருந்து பதில் வருகிறது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்குவதற்காக நீ செய்த இணையதளம் பார்வையில்லாதவர்களுக்கும் சரிவருகிறதா என்று அப்பாவிடம் பார்க்கக் கொடுத்தாயே, அவரும் "பிரமாதம்மா, ஒரு குறையும் இல்ல" என்றாரே, அது பச்சைப் பொய். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் விரல் வைக்கிற இடத்தையெல்லாம் போன் வாசித்துச் சொல்லுமே, உன் தளத்தில் அது பட்டன், பட்டன் என்று மட்டும் சொன்னது, எது டாக்டர், எது தேதி என்று சொல்லவேயில்லை. கிளிப்பிள்ளைகூட இன்னும் இரண்டு வார்த்தை பேசும். அப்பா விடாக்கண்டன் ஆயிற்றே, தட்டுத்தடுமாறிக் கடைசிவரை போய்விட்டார். அங்கே, படத்தில் தெரியும் எழுத்துகளை டைப் செய்யவும் என்று குரல் வந்தது. கண் ஆஸ்பத்திரியடி அது! "கொடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்றேன். "வேண்டாம், இது ஒண்ணையாவது நானா செய்யறேன்" என்று மல்லுக்கட்டினார், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று குரல் வந்து, போட்டதெல்லாம் அழிந்துபோயிற்று. போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நீ கூப்பிட்டதும் முகமெல்லாம் சிரிப்பாக அந்தப் பிரமாதத்தைச் சொன்னார். ஏன் இப்படி என்று கேட்டால், "புள்ள ராப்பகலா உழைச்சிருக்கா, அவ மனசை நோகடிக்கவா" என்கிறார்.

அவர் பேச்சை நம்பி அந்தத் தளத்தை அப்படியே ஊருக்குத் திறந்துவிடாதே. அவரைப்போல எத்தனை பேர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்களோ. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்திருப்பாய், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு பார். நான் சொன்னதாக மட்டும் அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், நன்றாயிரு. ஒன்றை மறந்துவிடாதே, சரிசெய்ததும் மறுபடி அவரிடமே கொடு. நான் பக்கத்தில் உட்காரமாட்டேன், அடுப்படியில் இருப்பேன். தேதி கிடைத்துவிட்டது என்று அவர் போடுகிற சத்தம் எனக்கு அங்கே கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா