அந்தத் திரையை நிறுத்தியவள்

ஃபேர்போர்ன், ஒஹையோ
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அலாஸ்கா குளிரில் நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று ஃபோனில் கேட்பது போதவில்லை, உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. கொல்லை ஆப்பிள் மரம் இந்த வருடம் காய்த்துத் தள்ளிவிட்டது, அப்பா பெரிய பாத்திரத்தில் பட்டையும் கிராம்பும் போட்டு ஜாம் கிளறிக்கொண்டே இருக்கிறார், ருசி பார்க்கிறேன் என்று பாதியைத் தின்று தீர்த்தும்விட்டார். உனக்கு இரண்டு புட்டி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். மாடி அறைக்கு நீ கேட்ட நீலத்தையே அடித்தார். ஏப்ரலில் வந்து ஆறு மாதம் இங்கிருந்தே விமானத்தில் அந்தப் புதுத் திரையை வைத்துப் பறந்து பார்க்கப் போகிறாய் என்று நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் நீ அழாத குறையாகக் கத்தினாயே, எந்த மகராசன்மா அந்தத் திரைய நிறுத்தினது, விமானத்துல ஒரு நாளாவது ஏறியிருப்பானா அவன் என்று. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி நான் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நிறுத்தியது நான்தான் கொரின். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

விமானப்படை ஆய்வுக்கூடத்தில் என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், விமானியின் முன்னால் எதை வைத்தால் அவர் கண் எங்கே போகிறது, கை என்ன செய்கிறது என்று பார்ப்பது. இந்தக் கண்ணாடித் திரையில் உயரம், வேகம், இறங்க வேண்டிய பாதை எல்லாம் பச்சைக் கோடாகக் கண்ணுக்கு நேரே, வெளியே தெரிகிற ஓடுபாதையின் மேலேயே விழுகிறது, தலை குனியவே வேண்டாம். உன்னைப் போன்ற விமானிகளுக்கு அதன்மேல் ஒரே காதல். சிமுலேட்டர் எந்திரத்தில் உட்கார்ந்த எல்லோரும் பிரமாதமாக இறக்கினார்கள். கடைசி இறக்கத்தில் மட்டும், சொல்லாமல் கொள்ளாமல், ஓடுபாதை நடுவில் இன்னொரு விமானத்தை நிறுத்தி வைப்போம். சக்கரம் தரை தொடும் முன்பே காட்சி அணைந்துவிடும், மோதியது ஓட்டுபவருக்குத் தெரியாது. கேப்டன் போடீன் என்று ஒருவர், வாட்டசாட்டமான ஆள், அந்த விமானத்துக்குள்ளேயே இறக்கிவிட்டு எழுந்து வந்து, எப்படி மேடம், நூல் பிடிச்ச மாதிரி எறக்கினேன் பாத்தீங்களா என்று கேட்டார். நூல் பிடித்த மாதிரிதான் இறக்கியிருந்தார். அவர் மட்டும் இல்லை, திரையை வைத்து ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். கோடு அவ்வளவு அழகாக இருந்தால் அதற்குப் பின்னால் நிற்பது கண்ணில் படுவதில்லை. பழைய முள் மீட்டர்களோடு குனிந்து நிமிர்ந்து அலுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டு, இறங்காமல் மேலே தூக்கிவிட்டார்கள்.

போடீனுக்கு நன்றி சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். எங்கள் வழக்கம் அது, ஆய்வு முடியும்வரை யார் எதைத் தவறவிட்டார் என்று அவரிடமே சொல்லக் கூடாது. ஒருவருக்குத் தெரிந்தால் சாயங்காலமே கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்தவர் அந்த விமானத்தைத் தேடிக்கொண்டே வருவார். விமானிகள் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா. எல்லாம் முடிந்த பிறகு அவரைக் கூப்பிட்டு, அவர் இறக்கியதன் பதிவுப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். என் கண்ணு முன்னாடியே நின்னிருக்கே மேடம் என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், பாவமாக இருந்தது.

மேலாளர் மெரில் நல்ல மனிதர். லொரெட்டா, பயிற்சி குடுத்தா சரியாயிடும்னு ஒரு வரி எழுதேன், ஏப்ரல்ல பறக்க விட்டுடலாம், உன் பொண்ணும் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும் என்றார். அந்த ஒரு வரியை மனத்துக்குள் எத்தனை தடவை எழுதி எழுதி அழித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்பதற்காக எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். கோடுகளை மாற்றி மறுபடி சோதிக்கும்வரை இது பறக்கக் கூடாது என்றுதான் கடைசியில் எழுதினேன். நீ ஏப்ரலில் வருவது போயிற்று, அதற்குப் பதில் உன்னை மூன்று வருடத்துக்கு ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது, சரியாத்தான் செஞ்சிருக்க, ஆனா இன்னிக்கி எங்கிட்ட பேசாத என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த நீல அறைக்குள் போக எனக்கும் இன்னும் மனம் வரவில்லை.

இன்னொன்று இருக்கிறது, ஆய்வு முடிந்துவிட்டதால் இனி சொல்லலாம். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, எந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க உன்னை உட்கார வைத்தோமே, கணக்கில் சேராத ஓட்டம். நீ எழுந்து ஓடி வந்து, அம்மா, இது மட்டும் கெடைச்சா பனியிலயும் பூ மாதிரி எறக்குவேன்மா என்று என்னைக் கட்டிக்கொண்டாய். பூ மாதிரிதான் இறக்கினாய் கண்ணே, அந்த விமானத்தின் மேலே. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் வீட்டுக்குக் கூட்டி வந்து சாப்பாடு போட்டேன். என் பிள்ளை என்பதால் பயப்படுகிறேனோ என்று மற்றவர்கள் எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

கோபம் இருந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். கடவுள் உன் கூடவே இருந்து நல்லபடியாக இறக்கி வைக்கட்டும். ஜப்பானிலும் சரி, எங்கேயும் சரி, ஓடுபாதை நடுவில் உனக்காக எதையும் நிறுத்தி வைக்க அம்மா இருக்க மாட்டேன், நிற்பது நிஜமாகத்தான் நிற்கும். பார்த்து இறங்கு.

உன்னை வீட்டில் பார்க்க ஏங்கும்,
அம்மா லொரெட்டா