ஒரே தீனி தின்ற எலிகள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, போயும் விட்டது. கவலைப்படாதே.

ஆய்வுக்கூடத்தில் கறுப்பு எலி ஒரு வம்சம், வெள்ளை எலி ஒரு வம்சம். இரண்டுக்கும் ஒரே வைரஸைக் கொடுத்தோம். கறுப்பு கொஞ்சம் சுருண்டு கிடந்துவிட்டு எழுந்து ஓடியது. வெள்ளை படுத்த படுக்கையானது. மனசு கேட்காமல் வெள்ளையின் கூண்டில் மட்டும் கூடுதலாகப் பஞ்சு வைத்துவிட்டேன். எங்கள் மேலதிகாரி அம்மாள் பிடித்து விளாசிவிட்டார்.

“செல்லம் கொடுக்கவா உன்னை வேலைக்கு வச்சிருக்கு? ரெண்டையும் ஒரே மாதிரி கவனிச்சாத்தானே, குறை கவனிப்புலயா பிறப்புலயான்னு தெரியும்?”

மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஒரே தீனி, ஒரே பஞ்சு. அப்போதும் வெள்ளைதான் விழுந்தது. அந்தக் கிருமியை மடக்கும் சக்தி அதற்குப் பரம்பரையிலேயே குறைச்சலாம்.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. அக்கா மழையில் ஆட்டம் போட்டாலும் தும்ம மாட்டாள். நான் மேகம் கறுத்தாலே படுத்துவிடுவேன். “புள்ளையப் பார்த்துக்கத் தெரியல உனக்கு” என்று அப்பா ஒவ்வொரு தடவையும் உன்மேல்தான் பாய்வார். நீ என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பாய். எங்கள் இருவருக்கும் சோறு போட்டது ஒரே கைதானே அம்மா!

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. போர்வை இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

எலிகளுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது. இதை அப்பா கையில் கொடுத்துவிடாதே. அவர் எதிரே உட்கார்ந்து, நீயே சத்தமாகப் படித்துக் காட்டு.

உன் வெள்ளை எலி